உங்கள் மியூச்சுவல் ஃபண்டுகளின் மொத்த ரிஸ்க்கை நீங்களே கணக்கிடுவது எப்படி? இருபடி வடிவத்தை வீட்டுக் கணக்குக்குக் கொண்டுவர ஒரு வழிகாட்டி

2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 50 ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் விழுந்து 7,610 புள்ளியில் முடிந்தது. மறுநாள் காலை என் ஆறு ஃபண்டுகளையும் திறந்து பார்த்தேன். ஆறுமே ஏறக்குறைய ஒரே அளவுக்கு இறங்கியிருந்தன. ஆறு வெவ்வேறு பெயர், நான்கு வெவ்வேறு நிறுவனம், அதனால் பணத்தை நன்றாகப் பிரித்துத்தான் போட்டிருக்கிறேன் என்று அதுவரை நம்பியிருந்தேன். உண்மையில் நான் பிரித்தது பெயரை மட்டும்தான்.

இதை முன்கூட்டியே எண்ணால் பார்க்க முடியுமா என்று தேடியபோது, கல்லூரியில் நேரியல் இயற்கணிதத் தாளுக்காக மனப்பாடம் செய்த இருபடி வடிவம் திரும்ப வந்து நின்றது. ஆனால் பாடப்புத்தகத்திலிருந்து என் சொந்தக் கணக்கு அறிக்கை வரை வந்து சேர எனக்கு ஏழெட்டு வார இறுதிகள் போயின. பாதி நேரம் தவறான தரவோடு மல்லுக்கட்டியதில் கழிந்தது. கீழே உள்ள வரிசையில் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். கணக்கிடுவதற்குச் செலவு எதுவும் இல்லை. எந்த ஃபண்டை வாங்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. கையில் இருப்பதை அளப்பது மட்டுமே இங்கே வேலை.

முதலில் சூத்திரத்தைப் பார்த்துவிடலாம். ஒரு ஃபண்டின் வருமானம் அதன் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைத் திட்ட விலக்கம் சொல்லும். அதன் வர்க்கத்தை மாறுபாடு என்கிறோம். இரண்டு ஃபண்டுகள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு உடன்மாறுபாடு. உங்கள் பணத்தில் ஒவ்வொரு ஃபண்டுக்கும் உள்ள பங்கை எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஃபண்டு இருந்தால்:

மொத்த மாறுபாடு = (எடை 1)² × மாறுபாடு 1 + (எடை 2)² × மாறுபாடு 2 + 2 × எடை 1 × எடை 2 × உடன்மாறுபாடு

எல்லா உறுப்புகளிலும் எடைகள் இரண்டு இரண்டாகவே பெருகுகின்றன. அதனால்தான் இதற்கு இருபடி வடிவம் என்று பெயர். ஃபண்டுகள் எத்தனை ஆனாலும் எழுதும் முறை ஒன்றுதான்: எடைகளின் நிரை × உடன்மாறுபாட்டு அணி × எடைகளின் நிரல். நிரை என்றால் கிடைவரிசை, நிரல் என்றால் நெடுவரிசை. உடன்மாறுபாட்டு அணி என்பது ஒரு சதுர எண் கட்டம்: மூலைவிட்டத்தில் ஒவ்வொரு ஃபண்டின் மாறுபாடு, மற்ற இடங்களில் ஜோடிகளின் உடன்மாறுபாடு. இவற்றைப் பெருக்கினால் வரும் ஒற்றை எண்ணைத்தான் நாம் தேடுகிறோம்.

1. கணக்கு அறிக்கையைக் கையில் எடுங்கள்

எடைகளுக்கு வேண்டிய தாள் ஒன்றே ஒன்று: ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை. இதைத்தான் 'காஸ்' என்று சொல்கிறார்கள். கேம்ஸ், கேஃபின்டெக், எம்எஃப் சென்ட்ரல் ஆகிய தளங்களில் இலவசமாகக் கேட்கலாம். பான் எண்ணும், ஃபண்டுகளில் பதிவு செய்த மின்னஞ்சலும் வேண்டும். கடவுச்சொல் பூட்டிய பிடிஎஃப் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும்.

நான் விழுந்த பள்ளம் மின்னஞ்சலில் இருந்தது. இரண்டு ஃபோலியோக்களை (ஃபண்டு நிறுவனத்தில் உள்ள முதலீட்டுக் கணக்குகளை) என் பழைய அலுவலக முகவரியில் பதிந்திருந்தேன். இப்போதைய முகவரியைக் கொடுத்துக் கேட்டபோது அவை இரண்டும் அறிக்கையில் வரவே இல்லை. குறை இருப்பதே எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அறிக்கை வந்ததும் ஃபோலியோக்களை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் பழைய முகவரியைக் கொடுத்தும் ஒருமுறை கேளுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சுருக்க அறிக்கை வேண்டாம், விரிவான அறிக்கையைக் கேளுங்கள். ஒவ்வொரு எஸ்ஐபி (மாதாமாதம் போடும் முதலீடு) தவணையின் தேதியும் அதில்தான் இருக்கும். கடைசிப் படியில் வரிக்கும் வெளியேற்றக் கட்டணத்துக்கும் அந்தத் தேதிகள் வேண்டும்.

2. என்.ஏ.வி. வரலாற்றை இறக்குங்கள்

என்.ஏ.வி. என்பது ஃபண்டின் ஒரு யூனிட்டுக்கு அன்றைய மதிப்பு. ஃபண்டுகளின் பழைய என்.ஏ.வி. எல்லாம் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீண்ட காலத்துக்கு எடுக்கும்போது துண்டு துண்டாக இறக்கி ஒட்ட வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும். மாதத்துக்கு ஒரு எண் போதும்: மாதத்தின் கடைசி வேலை நாளின் என்.ஏ.வி.

எவ்வளவு பின்னோக்கிப் போவது? நான் முதலில் கடைசி மூன்று ஆண்டுகளை மட்டும் எடுத்தேன். அது தவறு. அமைதியான காலத்தை மட்டும் எடுத்தால் எல்லா ஃபண்டும் சாதுவாகவே தெரியும். 2019 டிசம்பர் முடிவிலிருந்து எடுங்கள். அப்போதுதான் 2020 மார்ச்சின் வீழ்ச்சி உங்கள் அணிக்குள் வரும். ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து விழும் மாதங்கள்தான் உடன்மாறுபாட்டைத் தீர்மானிக்கின்றன. ஏதாவது ஒரு ஃபண்டு அதற்குப் பிறகு தொடங்கியதாக இருந்தால், அதன் ஒப்பீட்டுக் குறியீட்டின் மொத்த வருமான வடிவத்தை (ஈவுத்தொகையும் சேர்த்துக் கணக்கிட்டதை) அந்தக் காலத்துக்குப் பதிலியாக வைக்கலாம். பதிலி வைத்த கட்டங்களுக்கு நிறம் கொடுத்துவிடுங்கள், பிறகு மறந்துபோகும்.

ஏன் நாள் கணக்கு வேண்டாம் என்கிறேன்? வெளிநாட்டுப் பங்குகளில் போடும் ஃபண்டுகளின் விலைகள் நேர வித்தியாசத்தால் நம் சந்தையோடு ஒரு நாள் தள்ளி அசையும். நாள் கணக்கில் பார்த்தால் அவற்றுக்கும் இந்தியப் பங்குகளுக்கும் தொடர்பு குறைவு என்று பொய்யாகத் தெரியும். மாதக் கணக்கில் இந்தக் கோளாறு பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது.

3. தரவைச் சுத்தம் செய்யுங்கள்

எனக்கு அதிக வாரங்களைத் தின்ற படி இதுதான். சூத்திரத்தில் யாரும் அதிகம் தவறு செய்வதில்லை. தவறு இங்கே நுழைந்து அங்கே விடையாக வெளியே வருகிறது.

முதலில் வளர்ச்சி வகையின் (லாபத்தை வெளியே கொடுக்காமல் ஃபண்டுக்குள்ளேயே வைக்கும் வகை) என்.ஏ.வி.யைத்தான் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பணம் வழங்கும் வகையில், வழங்கிய நாளன்று என்.ஏ.வி. அந்த அளவுக்கு இறங்கும். அது நஷ்டமே இல்லை, ஆனால் உங்கள் தாளில் நஷ்டமாக ஏறிவிடும். உங்களிடம் இருப்பது பணம் வழங்கும் வகையாகவே இருந்தாலும் கணக்குக்கு வளர்ச்சி வகையை எடுங்கள். நேரடித் திட்டமா, முகவர் வழித் திட்டமா என்பது இந்தக் கணக்கைப் பெரிதாகப் பாதிக்காது. எதையாவது ஒன்றை எடுத்தால் தொடக்கம் முதல் முடிவு வரை அதையே வையுங்கள்.

அடுத்து ஈடிஎஃப், அதாவது பங்குச் சந்தையில் பங்கு போலவே வாங்கி விற்கும் ஃபண்டு. யூனிட்டைப் பத்தாகவோ நூறாகவோ உடைத்திருந்தால் அந்த மாதம் என்.ஏ.வி. 90 அல்லது 99 சதவீதம் விழுந்ததாகத் தெரியும். உடைத்த தேதிக்கு முந்தைய எண்களை எல்லாம் அதே விகிதத்தில் வகுத்துவிட வேண்டும்.

பிறகு மாத வருமானம், சதவீதத்தில்: (இந்த மாத என்.ஏ.வி. ÷ போன மாத என்.ஏ.வி. − 1) × 100. உடன்மாறுபாட்டை இந்த வருமானங்களுக்குத்தான் எடுக்க வேண்டும், என்.ஏ.வி.களுக்கு அல்ல. மேலே ஏறிக்கொண்டே போகும் எந்த இரண்டு எண் வரிசையும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதாகவே தோன்றும்.

கடைசியாக, எல்லா ஃபண்டுகளுக்கும் ஒரே தேதிகள், ஒரே எண்ணிக்கையில் வரிசைகள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த மாதத்தையே எல்லாருக்கும் நீக்குங்கள். 'இந்த ஃபண்டுக்கு 72 மாதம் இருக்கிறது, அதற்கு 50 மாதம்தான் இருக்கிறது, இருப்பதை வைத்து ஜோடி ஜோடியாகக் கணக்கிடலாம்' என்று போனால் என்ன ஆகும் என்பதை 6-ஆம் படியில் காட்டுகிறேன்.

4. அணியைக் கட்டுங்கள்

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் கோவேரியன்ஸ் என்ற செயல்கூறு இருக்கிறது. 'பி', 'எஸ்' என்று இரண்டு முடிவுகளில் வரும். 'எஸ்' முடிவுள்ளதை எடுங்கள், மூலைவிட்டத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஒரு இடத்தில் ஒன்று, மற்ற இடத்தில் இன்னொன்று என்று கலந்தால் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்.

மூன்று ஃபண்டுக்கு அணியில் 6 வெவ்வேறு எண்கள். பத்து ஃபண்டுக்கு 55. மீதி எல்லாம் மூலைவிட்டத்துக்கு மறுபக்கத்துப் பிரதி, ஏனென்றால் இது சமச்சீர் அணி. ஃபண்டுகளின் எண்ணிக்கையைவிட மாதங்களின் எண்ணிக்கை பல மடங்கு இருக்க வேண்டும். பத்து ஃபண்டுக்கு எட்டு மாதத் தரவு என்று போனால் 'ரிஸ்க்கே இல்லாத கலவை' ஒன்று இருப்பதாக அணி பொய் சொல்லும்.

மாதக் கணக்கை ஆண்டுக் கணக்காக்க அணியின் ஒவ்வொரு எண்ணையும் 12-ஆல் பெருக்குங்கள். இங்கே பலரும் வழுக்குகிறார்கள்: மாறுபாட்டைத்தான் 12-ஆல் பெருக்க வேண்டும். திட்ட விலக்கத்தை √12, அதாவது சுமார் 3.46-ஆல் பெருக்க வேண்டும். திட்ட விலக்கத்தை 12-ஆல் பெருக்கினால் ரிஸ்க் மூன்றரை மடங்கு ஊதிப்போகும். சரிபார்க்க எளிய வழி: ஒவ்வொரு ஃபண்டின் மாதாந்திர விவரத்தாளிலும் திட்ட விலக்கம் அச்சாகியிருக்கும். உங்கள் எண் அதற்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். காலம் வேறாக இருப்பதால் அச்சு அசலாக இருக்காது, ஆனால் அதில் 15 என்றும் உங்களுடையதில் 50 என்றும் வந்தால் எங்கோ பிழை.

இனி ஓர் எடுத்துக்காட்டோடு போகலாம். விளக்கத்துக்காக நான் எடுத்த முழு எண்கள் இவை, எந்தக் குறிப்பிட்ட ஃபண்டுக்கும் உரியவை அல்ல. மிட்கேப் (நடுத்தர நிறுவனப் பங்குகள்) ஃபண்டின் ஆண்டுத் திட்ட விலக்கம் 20 சதவீதம், லார்ஜ்கேப் (பெரிய நிறுவனப் பங்குகள்) 15, தங்கம் 12. இரண்டு ஃபண்டுகள் எவ்வளவு ஒட்டி அசைகின்றன என்பதை −1 முதல் 1 வரை சொல்லும் எண் ஒட்டுறவுக் கெழு. மிட்கேப்புக்கும் லார்ஜ்கேப்புக்கும் அது 0.9, தங்கத்துக்கும் மற்ற இரண்டுக்கும் 0.1. இரண்டு திட்ட விலக்கங்களையும் கெழுவையும் பெருக்கினால் உடன்மாறுபாடு. அணி இப்படி வரும்:

மிட்கேப் நிரை: 400, 270, 24
லார்ஜ்கேப் நிரை: 270, 225, 18
தங்க நிரை: 24, 18, 144

5. பெருக்குங்கள், ஆனால் ஒரே அடியில் வேண்டாம்

பத்து லட்சம் ரூபாயில் மிட்கேப் 5 லட்சம், லார்ஜ்கேப் 3 லட்சம், தங்கம் 2 லட்சம் என்று வைப்போம். எடைகள் 0.5, 0.3, 0.2. எடைக்கு இன்றைய சந்தை மதிப்பைத்தான் எடுக்க வேண்டும், நீங்கள் போட்ட தொகையை அல்ல.

முழுச் சூத்திரத்தையும் ஒரே கட்டத்தில் எழுதினால் விடை மட்டும்தான் கிடைக்கும். இரண்டு அடியாகச் செய்யுங்கள். முதல் அடியில் அணியை எடை நிரலால் பெருக்குங்கள் (எம்மல்ட் என்ற செயல்கூறு, பழைய எக்செல் பதிப்புகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்):

மிட்கேப்: 200 + 81 + 4.8 = 285.8
லார்ஜ்கேப்: 135 + 67.5 + 3.6 = 206.1
தங்கம்: 12 + 5.4 + 28.8 = 46.2

இரண்டாவது அடியில் ஒவ்வொன்றையும் அதன் எடையால் பெருக்குங்கள்: 142.9, 61.83, 9.24. கூட்டினால் 213.97. இதுதான் இருபடி வடிவத்தின் மதிப்பு. இதன் வர்க்கமூலம் 14.6 சதவீதம். பத்து லட்சத்தில் ஒரு சாதாரண ஆண்டில் ஏறக்குறைய 1.46 லட்சம் மேலும் கீழும் ஆடலாம் என்று பொருள். மோசமான ஆண்டில் அதைவிட இரண்டு மடங்கும் ஆடலாம்.

இப்போது அந்த மூன்று துண்டுகளையும் மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். மிட்கேப் 66.8 சதவீதம், லார்ஜ்கேப் 28.9, தங்கம் 4.3. பணத்தில் பாதிதான் மிட்கேப்பில் இருக்கிறது. ரிஸ்க்கில் மூன்றில் இரண்டு பங்கு அங்கே இருக்கிறது. பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு தங்கத்தில் இருக்கிறது. அது கொண்டுவரும் ரிஸ்க் நான்கு சதவீதம்தான். என் சொந்த ஆறு ஃபண்டுகளுக்கு இந்த வரியை முதல்முறை பார்த்தபோதுதான் 2020-இல் நடந்தது எனக்குப் புரிந்தது. இந்த ஒரு வரிக்காகவே இத்தனை வேலையும் செய்யலாம்.

தங்கத்திலுள்ள 2 லட்சத்தையும் லார்ஜ்கேப்புக்கு மாற்றினால் எடைகள் 0.5, 0.5. மாறுபாடு 100 + 56.25 + 135 = 291.25, வர்க்கமூலம் 17.1 சதவீதம். அந்த 135 எங்கிருந்து வந்தது? 2 × 0.5 × 0.5 × 270. குறுக்கு உறுப்பு. அந்த 2-ஐ விட்டுவிடுவது கையால் கணக்கிடுவோரின் வழக்கமான தவறு. மூலைவிட்டத்துக்கு இரண்டு பக்கமும் 270 இருக்கிறது, இரண்டையும் எண்ண வேண்டும்.

6. விடையைச் சோதியுங்கள்

இரண்டு சோதனைகள். இரண்டையும் நான் பின்னால்தான் கற்றேன், முன்பே தெரிந்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

முதலாவது: எந்த எடையைப் போட்டாலும் மொத்த மாறுபாடு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. எதன் வர்க்கச் சராசரியும் குறை எண்ணாகாது. ஆனால் ஒட்டுறவுக் கெழுக்களை வெவ்வேறு காலத் தரவிலிருந்தோ வெவ்வேறு இடங்களிலிருந்தோ எடுத்து ஒட்டினால் இது உடையும். மூன்று ஃபண்டு, மூன்றுக்கும் மாறுபாடு 1 என்று கொள்ளுங்கள். முதலாவதுக்கும் மற்ற இரண்டுக்கும் கெழு −0.9, அந்த இரண்டுக்கும் இடையே 0. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நடக்கக்கூடிய எண்கள்தான். எடை 0.4, 0.3, 0.3 என்று போட்டுப் பாருங்கள்: 0.16 + 0.09 + 0.09 − 0.216 − 0.216 = −0.092. குறை எண். இப்படி ஓர் உலகம் இருக்கவே முடியாது: முதலாவதுக்கு நேர் எதிராக இரண்டும் ஓடினால் அந்த இரண்டும் தங்களுக்குள் ஒன்றாகத்தான் ஓட வேண்டும். அதனால்தான் ஒரே தேதிகள், ஒரே வரிசைகள் என்று 3-ஆம் படியில் அத்தனை அழுத்திச் சொன்னேன். ஒரே முழுமையான அட்டவணையிலிருந்து எடுத்த அணியில் இந்தப் பிழை வராது.

இரண்டாவது சோதனையும் ஓர் இருபடி வடிவம்தான். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ் 1936-இல் வெளியிட்ட தூர அளவு அது. ஒரு மாதத்தின் வருமானங்களிலிருந்து சராசரிகளைக் கழித்து, அவற்றை எடைகளின் இடத்தில் போட்டு, நடுவில் உடன்மாறுபாட்டு அணிக்குப் பதில் அதன் நேர்மாறு அணியை (எண்ணுக்கு 1 ÷ எண் போல, அணிக்கு உள்ள தலைகீழ்) வைத்துப் பெருக்க வேண்டும். மிட்கேப், லார்ஜ்கேப் இரண்டையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆண்டு எண்களை 12-ஆல் வகுத்தால், மாத அளவில் அணி 33.33, 22.5, 22.5, 18.75. ஒரு மாதம் இரண்டும் சராசரியைவிட 5 சதவீதம் ஏறினால் தூரம் 1.5. மிட்கேப் 5 ஏறி, லார்ஜ்கேப் 5 இறங்கினால் தூரம் 20.4. தனித்தனியாகப் பார்த்தால் ஐந்து சதவீதம் என்பது இரண்டுக்கும் சாதாரண அசைவு. சேர்த்துப் பார்த்தால் அது நடக்கவே கூடாத மாதம். இரண்டு ஃபண்டுக்கு இந்தத் தூரம் 9-ஐத் தாண்டினால் அந்த வரிசையைத் திறந்து பாருங்கள். என் தாளில் இப்படித்தான், ஒட்டும்போது ஒரு வரிசை கீழே நழுவிப்போன ஃபண்டு ஒன்று அகப்பட்டது. அதுவரை அந்த ஃபண்டு எதோடும் ஒட்டாத அருமையான ஃபண்டு என்று நினைத்திருந்தேன்.

உண்மையான வீழ்ச்சி மாதங்களும் பெரிய தூரம் காட்டும். அவற்றை நீக்காதீர்கள். என்.ஏ.வி.யைச் சரிபார்த்து, எண் சரியென்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

7. உண்மையில் எத்தனை ஃபண்டு வைத்திருக்கிறீர்கள்?

இது ஐகன் மதிப்பின் வேலை: மொத்த அசைவில் எவ்வளவு ஒரே திசையில் குவிந்திருக்கிறது என்பதை மிகப் பெரிய ஐகன் மதிப்பு சொல்லும். மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒன்று, ஒன்று என்ற நிரலை அணியால் பெருக்குங்கள், வந்ததை அதன் முதல் எண்ணால் வகுங்கள், மறுபடி பெருக்குங்கள். மிட்கேப், லார்ஜ்கேப் அணியில் முதல் சுற்றில் 670, 495, அதாவது 1, 0.739. இரண்டாம் சுற்றில் 1, 0.728. அப்புறம் ஏறக்குறைய நகர்வதே இல்லை. பெருக்கும்போது முதல் எண் எவ்வளவாகிறதோ அதுதான் பெரிய ஐகன் மதிப்பு: சுமார் 596. மூலைவிட்டக் கூட்டுத்தொகை 625. 596-ஐ 625-ஆல் வகுத்தால் 95 சதவீதம். இரண்டு ஃபண்டு என்று பெயர், அசைவில் 95 சதவீதம் ஒரே திசையில். என் ஆறு ஃபண்டுகளிலும் நிலைமை இதேதான்.

8. மிகக் குறைந்த ரிஸ்க் எந்தக் கலவையில்?

எடைகளின் கூட்டுத்தொகை 1 என்று வைத்து, இருபடி வடிவத்தின் அடிமட்டத்தைத் தேடுவது. இரண்டு ஃபண்டுக்குச் சூத்திரம் உண்டு:

எடை 1 = (மாறுபாடு 2 − உடன்மாறுபாடு) ÷ (மாறுபாடு 1 + மாறுபாடு 2 − 2 × உடன்மாறுபாடு)

மிட்கேப்பையும் தங்கத்தையும் போட்டால் 120 ÷ 496 = 0.24. மிட்கேப் 24 சதவீதம், தங்கம் 76 சதவீதம். திட்ட விலக்கம் 10.7. தங்கம் தனியாக இருந்தால் 12. தங்கத்தைவிட அதிகம் ஆடும் ஒன்றைக் கொஞ்சம் சேர்த்ததால் மொத்த ஆட்டம் குறைந்திருக்கிறது. இதை நான் பலமுறை போட்டுப் பார்த்துத்தான் நம்பினேன்.

மிட்கேப்பையும் லார்ஜ்கேப்பையும் போட்டால் −45 ÷ 85 = −0.53. மிட்கேப்பில் குறை 53 சதவீதம் வைத்திரு என்கிறது. அதாவது கையில் இல்லாததை விற்கச் சொல்கிறது. மியூச்சுவல் ஃபண்டை அப்படி விற்க முடியாது. இப்படி வந்தால் அந்த எடையைப் பூஜ்யமாக்க வேண்டும். மூன்று, நான்கு ஃபண்டு என்றால் எக்செல் சால்வரில் (நிபந்தனைகளுக்குள் மிகக் குறைந்த மதிப்பைத் தேடித் தரும் கருவி) 'எடைகள் பூஜ்யத்துக்குக் குறையக் கூடாது, கூட்டுத்தொகை 1' என்ற இரண்டு நிபந்தனைகளையும் கொடுத்து ஓட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்த அணிக்கு அசைவு மட்டும்தான் தெரியும். கடன் ஃபண்டுகளின் என்.ஏ.வி. மெல்ல, நேர்கோடாக ஏறும். அதனால் சால்வர் எல்லாப் பணத்தையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தும். 2020 ஏப்ரல் 23 அன்று இந்தியாவில் ஆறு கடன் ஃபண்டுகள் ஒரே நாளில் மூடப்பட்டன. முதலீட்டாளர்களின் பணம் பல மாதங்கள் முடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் மாறுபாட்டைப் பார்த்து அதை யாரும் ஊகித்திருக்க முடியாது. கடன் ஃபண்டு என்றால் அது வைத்திருக்கும் பத்திரங்களின் தரப்பட்டியலையும் தனியாகப் படியுங்கள்.

9. மாற்றுவதற்கு முன் செலவையும் தேதியையும் பாருங்கள்

இதுவரை செலவு பூஜ்யம். இனிமேல்தான் பணம் போகும்.

பல பங்கு ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் விற்றால் 1 சதவீதம் வெளியேற்றக் கட்டணம். ஃபண்டுக்கு ஃபண்டு மாறும், திட்ட ஆவணத்தைப் பாருங்கள். எஸ்ஐபி-யில் ஒவ்வொரு தவணைக்கும் ஓராண்டு தனியாக எண்ணப்படும். முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்பனையாகும். வரிச்சலுகை இஎல்எஸ்எஸ் ஃபண்டுகளில் ஒவ்வொரு தவணைக்கும் மூன்று ஆண்டுப் பூட்டு.

வரி: 2024 ஜூலை 23 முதல், பங்கு ஃபண்டை 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். அதற்குமேல் வைத்திருந்தால் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, மீதிக்கு 12.5 சதவீதம். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டுகளின் லாபம் எவ்வளவு காலம் வைத்திருந்தாலும் உங்கள் வருமான வரி விகிதத்தில் சேரும். ஒரே நிறுவனத்துக்குள் ஃபண்டு மாறினாலும் அது விற்பனைதான், வரி உண்டு. இது தெரியாமல் 'உள்ளுக்குள்தானே மாற்றுகிறேன்' என்று நான் ஒருமுறை மாற்றி, ஜூலையில் வரித் தாக்கலின்போது கண்டுகொண்டேன்.

மிட்கேப்பில் 2 லட்சம் நீண்டகால லாபம் நிற்கிறது என்று வையுங்கள். மார்ச்சில் மொத்தமாக விற்றால் 75,000-க்கு 12.5 சதவீதம், அதோடு 4 சதவீத செஸ்: 9,750 ரூபாய். அதையே பாதி மார்ச்சிலும் பாதி ஏப்ரலிலும் விற்றால், வேறு பங்கு லாபம் இல்லாதபட்சத்தில், வரி பூஜ்யம். இரண்டு விற்பனைக்கும் நடுவே சில வாரம்தான். மார்ச் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். பிற்பகல் 3 மணிக்குப் பிறகு கொடுத்த விண்ணப்பம் அடுத்த வேலை நாளின் என்.ஏ.வி.க்குத் தள்ளிப்போகும், அது ஏப்ரலாகிவிட்டால் இரண்டு விற்பனையும் ஒரே ஆண்டில் விழும்.

பங்கு ஃபண்டை விற்ற பணம் பொதுவாக இரண்டு வேலை நாளில் வங்கிக்கு வரும். வேறு நிறுவனத்தின் ஃபண்டில் போடுவதென்றால் அந்த இடைவெளியில் சந்தை நகர்ந்துவிடலாம். அதற்கு மனத்தளவில் தயாராக இருங்கள்.

எதையுமே விற்காமல் ஒரு வழி இருக்கிறது, நான் கடைசியில் எடுத்ததும் அதுதான்: எஸ்ஐபி-யைத் திருப்பிவிடுவது. மேலே சொன்ன பத்து லட்சத்தோடு மாதம் 20,000 ரூபாயை ஓராண்டு தங்கத்துக்கு மட்டும் அனுப்பினால், விலை மாற்றத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 12.4 லட்சத்தில் தங்கம் 4.4 லட்சம். இருபடி வடிவத்தில் போட்டால் 159, திட்ட விலக்கம் 12.6. முன்பு 14.6. வரி இல்லை, வெளியேற்றக் கட்டணம் இல்லை, வாங்கும்போது 0.005 சதவீத முத்திரைத் தீர்வை, 2.4 லட்சத்துக்கு 12 ரூபாய். பழைய எஸ்ஐபி-யை நிறுத்தும் விண்ணப்பத்தை அடுத்த தவணைத் தேதிக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த மாதம் இரண்டு எஸ்ஐபி-யும் போய், வங்கிக் கணக்கில் பணம் போதாமல் தவணை திரும்பி, வங்கி அபராதம் பிடிக்கும்.

தாளைத் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். அடுத்த ஏப்ரல் முதல் வாரத்தில் புதிய 12 வரிசைகளை அடியில் ஒட்டி, எடைகளை மட்டும் புது அறிக்கையிலிருந்து மாற்றினால் போதும். அரை மணி நேர வேலை.